ஏழ்மையில் வளரும் பிள்ளைக்குச் சுயகட்டுப்பாடு குறைவு என்பது எவ்வளவு உண்மை? மாலை வகுப்பில் என்ன செய்யலாம்?

படிப்பகம் (கேள்வி)

வணக்கம். மாலை நேர இலவச வகுப்பில் உதவ வரும் தன்னார்வலர்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. 24 பிள்ளைகள், வயது 5 முதல் 8 வரை, நாளுக்கு 90 நிமிடம், மூன்று பெரியவர்கள். எல்லாப் பிள்ளைகளும் அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளிலிருந்து வருபவர்கள்.

வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமையும் சுயகட்டுப்பாடும் குறைவு. முதலில் அதைப் பழக்க வேண்டும்." இதை வைப்பதா எடுப்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் மூன்றாவதை மறக்கிறார்கள். முறை வரும்வரை காத்திருப்பதில்லை. தின்பண்டத் தட்டு கீழே இறங்குவதற்குள் கை நீளுகிறது. சிலர் அதைத் தின்னாமல் பைக்குள் மறைக்கிறார்கள். இவை கவனித்து எழுதியவைதான். காரணம் வறுமையா, வயதா, வகுப்பு நடக்கும் விதமா என்பதுதான் புரியவில்லை.

வறுமைக்கும் இதற்கும் தொடர்பு எவ்வளவு, எந்த வழியாக? மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பை வைத்துப் பிள்ளையின் பொறுமையைப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற சோதனையை நடத்திப் பார்ப்பதில் பயன் உண்டா? 90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


முன்மூளை

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எழுதியிருக்கும் விதத்தில் படிப்பவர் மனதில் பதிவது வேறு.

முதலில், நீங்கள் கவனித்தவை எல்லாம் ஒரே குறை அல்ல. சுயகட்டுப்பாடு என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள், எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்று உளவியலில் அழைக்கப்படும் மூன்று திறன்கள் இருக்கின்றன. நீளும் கையை, வாய் வரை வந்த பதிலை நிறுத்திக்கொள்வது ஒன்று. கேட்டதை மனதில் பிடித்தபடியே வேலை செய்யும் ஒர்க்கிங் மெமரி இன்னொன்று. விதி மாறும்போது மனதையும் மாற்றிக்கொள்வது மூன்றாவது. மூன்றுமே மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை. 3 முதல் 5 வயதுக்குள் வேகமாக வளர்கின்றன, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகின்றன. ஐந்து வயதுப் பிள்ளை மூன்று கட்டளையில் ஒன்றைத் தவறவிடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். உங்கள் பட்டியலில் ஒரு பகுதியை வயதின் கணக்கில் எழுதிவிடலாம்.

வறுமையின் பங்கு எவ்வளவு? 2018-ல் லாசன், ஹுக், ஃபாரா மூவரும் 25 ஆய்வுகளில் இருந்த 8,760 பிள்ளைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குடும்பத்தின் பொருளாதார நிலைக்கும் இந்தத் திறன்களுக்கும் இடையே கிடைத்த ஒட்டுறவு 0.16 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). ஏழை, பணக்காரர் இடைவெளி போதுமான அளவு இருந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 0.22. இதை வகுப்பறை மொழியில் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டு பிள்ளைகளாக 100 ஜோடி எடுத்தால், வசதியான பிள்ளை முந்துவது ஏறக்குறைய 55 முதல் 57 ஜோடிகளில். மீதி 43 முதல் 45 ஜோடிகளில் வசதி குறைந்த பிள்ளைதான் முந்தும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும், அரசுக் கொள்கை வகுப்பவர்கள் கவலைப்பட வேண்டிய அளவும்கூட. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே முடிவுகட்ட அது உதவவே உதவாது. "இந்தப் பிள்ளைகளுக்கு" என்ற சொல் அங்கேதான் தவறுகிறது.

ஆனால் வறுமையின் அடித்தட்டில் கதை வேறு. 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 3 முதல் 20 வயது வரையிலான 1,099 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தது. வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களில் சிறிய வருமான வித்தியாசம்கூட மூளையின் வெளியடுக்கான புறணியின் பரப்பில் பெரிய வித்தியாசத்தோடு சேர்ந்து வந்தது. மேலே போகப்போக அதே தொகைக்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை. இது ஒட்டுறவுதான், காரணம் என்று நிரூபித்ததல்ல.

எந்த வழியாக என்று கேட்டீர்கள். பணம் இல்லாததை மூளை நேரடியாக உணர்வதில்லை. இடையில் சில கதவுகள் உண்டு.

மிக நன்றாக ஆராயப்பட்டது நீடித்த மன அழுத்தம். எவன்ஸ், ஷாம்பெர்க் இருவரின் 2009 ஆய்வில் 195 பேர். பிறந்ததிலிருந்து 13 வயது வரை எவ்வளவு காலம் வறுமையில் கழிந்தது என்று கணக்கிட்டு, 17 வயதில் ஒர்க்கிங் மெமரியை அளந்தார்கள். வறுமையில் வளர்ந்தவர்கள் சராசரியாக 8.5 உருப்படிகளை மனதில் வைத்திருந்தார்கள். நடுத்தர வருமான வீட்டினர் 9.4. இடையில், 9 மற்றும் 13 வயதில், ரத்த அழுத்தம், கார்ட்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்கள், உடல் எடைக் குறியீடு ஆகியவற்றை வைத்து உடல் தாங்கிய சுமையையும் அளந்திருந்தார்கள். அந்தச் சுமையைக் கணக்கில் சேர்த்ததும் வறுமைக்கும் நினைவுக்கும் இடையிலிருந்த தொடர்பு ஏறக்குறைய மறைந்தது. அதாவது பணக்குறை உடலில் அழுத்தமாக இறங்கி, அந்த அழுத்தம் நினைவைத் தின்றிருக்கலாம்.

அடுத்தது சத்தம். இதை யாரும் வறுமையின் கணக்கில் எழுதுவதே இல்லை. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில் 1975-ல் பார்த்தார்கள். ஒரே பள்ளிதான், ஆனால் பாதைப் பக்க அறைகளில் படித்தவர்கள் ஆறாம் வகுப்பு வரும்போது வாசிப்பில் ஏறத்தாழ ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் வைத்தபின், 1981-ல் வந்த அறிக்கையில் அந்த வித்தியாசம் இல்லை. பிள்ளையை யாரும் திருத்தவில்லை, கூரையைத் திருத்தினார்கள். உங்கள் அறையில் தெருப்பக்கச் சன்னல் எது என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, பெற்றோரின் மனம். 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடைப் பணம் வந்தபின்பும் அதே ஆட்களுக்கு அதே வகை அறிவுத்திறன் சோதனை. பணம் வருவதற்கு முன் அவர்களே குறைவாகத்தான் செய்தார்கள். கடனையும் தவணையையும் இடைவிடாமல் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பிள்ளையின் பத்தாவது கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல மனதில் இடம் மிஞ்சுவதில்லை. அக்கறை இல்லாமல் அல்ல. கையேட்டில் பெற்றோர் பற்றி ஒரு வரி எழுதுவதானால் இதை எழுதுங்கள்.


காத்திருப்பு

முன்மூளை சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மார்ஷ்மெல்லோ சோதனைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். சுருக்கமான பதில்: நடத்தாதீர்கள்.

அது 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலைப் பள்ளியில் தொடங்கியது. "இப்போது ஒன்று, நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு." காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள குடும்பத்தினர். 2018-ல் வாட்ஸ், டங்கன், க்வான் மூவரும் 900-க்கு மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். தாய் பட்டம் பெறாத குடும்பங்களில், காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதுக் கல்வித் தேர்ச்சிக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வுகளில் சொன்னதில் பாதிதான். குடும்பப் பின்னணி, சிறுவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் மூன்றையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. மிஞ்சியதும் பெரும்பாலும் முதல் 20 விநாடியைத் தாண்டியவர், தாண்டாதவர் என்ற வித்தியாசம். அதற்குமேல் எத்தனை நிமிடம் என்பது அதிகம் சொல்லவில்லை.

அதைவிட உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 2013-ல் கிட், பால்மெரி, ஆஸ்லின் செய்தது. 3 முதல் 5 வயதுள்ள 28 பிள்ளைகள், இரண்டு குழுவாக, குழுவுக்கு 14. இனிப்பைக் காட்டுவதற்கு முன்பே ஒரு வேலை நடந்தது. மேசையில் தேய்ந்துபோன பழைய மெழுகு வண்ணக்குச்சிகள். "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணங்கள் கொண்டு வருகிறேன்" என்று பெரியவர் எழுந்து போகிறார். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றக் குழுவிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம், இருப்பதையே வைத்து வரை" என்றார். பிறகு ஒட்டுப்படத்திலும் அதே போல ஒரு முறை. அதற்குப் பிறகுதான் இனிப்பு, 15 நிமிடக் காத்திருப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழு சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது. ஏமாந்த குழு 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாண்டியவர்கள் முதல் குழுவில் 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். மூளையில் எதுவும் மாறவில்லை. பெரியவரின் சொல்லை நம்பலாமா என்ற மதிப்பீடு மட்டும் மாறியது, அதுவும் சில நிமிடங்களில்.

வறுமையான வீட்டில் பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. கொடுப்பதாகச் சொன்ன நாளில் கூலி வரவில்லை, வேலை நின்றது, உடம்புக்கு முடியவில்லை. நல்ல எண்ணத்தோடு சொன்ன வாக்குகள்தான் உடைகின்றன. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளை "இருப்பதை இப்போதே எடுத்துக்கொள்" என்று முடிவெடுத்தால் அது சரியான கணக்கு.

தின்பண்டத்தைப் பைக்குள் வைக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பசியோடு இருக்கும்போது கையிலிருப்பதைத் தின்னாமல் தள்ளிவைப்பதுதானே மார்ஷ்மெல்லோ சோதனை கேட்பது? வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கலாம், இரவுக்கு இருக்கலாம். அதை உங்கள் பட்டியலில் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறை என்று மாற்றி எழுதுங்கள்.

வறுமை என்றாலே பொறுமை குறையும் என்பதும் இல்லை. காமரூனின் ந்சோ இனத்து நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஜெர்மனியின் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளையும் இதே சோதனையில் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ந்சோ பிள்ளைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு கடைசிவரை காத்திருந்தார்கள், ஜெர்மானியப் பிள்ளைகளில் 30-ஐக்கூட எட்டவில்லை. பணம் எந்தப் பக்கம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செய்ய வேண்டியது: சுவரில் ஒரு தாள் தொங்கவிடுங்கள், "சொன்னோம், செய்தோம்" என்று இரண்டு பத்தி. பெரியவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கும் இடப்பக்கம் ஏறட்டும், நிறைவேறியதும் வலப்பக்கம் பிள்ளையே குறியிடட்டும். முதல் இரண்டு வாரம் அதே வகுப்புக்குள் முடியக்கூடிய வாக்குகள் மட்டும்: "பாட்டு முடிந்ததும் நீ மணி அடிக்கலாம்." பிறகு நாளைக்கு, பிறகு வெள்ளிக்கிழமைக்கு. "பார்க்கலாம்", "கொண்டுவர முயற்சிக்கிறேன்" என்பதைப் பிள்ளை வாக்காகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் அந்தச் சொற்களையே தவிர்க்க வேண்டும். தவறிவிட்டால் அன்றைக்கே பெரியவர் தாளருகே நின்று தவறிவிட்டது என்று சொல்லி, எப்போது ஈடுகட்டுவது என்று எழுத வேண்டும்.


கரும்பலகை

ஆய்வெல்லாம் மேல சொல்லிட்டாங்க. 90 நிமிஷத்தை எப்படி ஓட்டறதுன்னு மட்டும் எழுதறேன்.

முதல்ல 24 பேரை மூணு எட்டா பிரிச்சிடுங்க. ஒரு எட்டுக்கு ஒரு பெரியவர், குறைஞ்சது மூணு மாசம் அதே ஆள். இன்னிக்கு ஒருத்தர் நாளைக்கு ஒருத்தர்னு மாத்தினா மேல சொன்ன வாக்குத்தாள் ஒண்ணுத்துக்கும் ஆகாது, யார் கொடுத்த வாக்கை யார் காப்பாத்தறது? தன்னார்வலர் வாரத்துல ரெண்டு நாள்தான் வர முடியும்னா, எந்த ரெண்டு நாள்னு படத்தோட சுவர்ல ஒட்டிடுங்க.

தின்பண்டம் முதல் பத்து நிமிஷத்துல. கடைசில வச்சா, "ஒழுங்கா இருந்தா கிடைக்கும்"னு ஆயிடும். பசியோட ஒரு மணி நேரம் அடக்கி உட்காருன்னு பிள்ளையைக் கேட்கிறோம், அப்புறம் அடங்கலைன்னு குறை சொல்றோம். 24 பேருக்கு 24 எண்ணி வைக்காதீங்க, 30 வைங்க, மிச்சம் கண்ணுக்குத் தெரியற மாதிரி வைங்க. தீர்ந்துபோகும்ங்கிற பயம் இருக்கிற வரைக்கும் கை நீளத்தான் செய்யும். ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து மிச்சம் இருந்ததுன்னா பரபரப்பு தானா குறையும். ஒரே ஒரு நாள் பத்தாமப் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும்.

அடுத்த பத்து நிமிஷம் உடம்பு அசையற விளையாட்டு. "தலையைத் தொடு"ன்னா கால்விரலைத் தொடணும், "கால்விரல்"னா தலையை. இது நாலஞ்சு நாள்ல சுலபமாயிடும், அப்போ தோள், முழங்காலைச் சேருங்க. அதுவும் பழகினதும் ஜோடியை மாத்துங்க: தலைன்னா முழங்கால், தோள்னா கால்விரல். இதுல மூணு திறனும் வேலை செய்யுது: பழக்கத்தை நிறுத்தணும், விதியை நினைவுல வைக்கணும், விதி மாறினா மாறணும். மாத்தாம அதே மட்டத்துல மாசக்கணக்குல ஓட்டினா வெறும் பொழுதுபோக்கு. சிலை விளையாட்டும் நல்லது, பாட்டு நின்னா அப்படியே நிக்கணும். வேகமான பாட்டுக்கு மெதுவா ஆடச் சொன்னா இன்னும் கஷ்டம், இன்னும் நல்லது.

இதுல எல்லாரும் செய்யற தப்பு, தப்பா செஞ்சவனை "அவுட்"னு உட்கார வைக்கிறது. யாருக்குப் பயிற்சி அதிகம் வேணுமோ அவன்தான் முதல் நிமிஷத்துலயே ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். அவுட்டே வேண்டாம். தப்பாச்சுன்னா அடுத்த தடவை சரி செய்யட்டும்.

அப்புறம் அரை மணி வாசிப்பு, ரெண்டு ரெண்டு பேரா. ரெண்டு அட்டை செய்யுங்க, ஒண்ணுல வாய் படம், ஒண்ணுல காது படம். வாய் அட்டை வச்சிருக்கிற பிள்ளை படத்தைப் பார்த்துக் கதை சொல்லும், காது அட்டை வச்சிருக்கிற பிள்ளை கேட்கும். நாலு நிமிஷத்துல அட்டையை மாத்திக்கணும். காது பேசாது, கேட்கும், அவ்வளவுதான் விதி. "பேசாம இரு"ன்னு பத்து தடவை சொல்ற வேலையைக் கையில இருக்கிற அந்த அட்டை செஞ்சிடும். பிள்ளை வாயைத் திறந்தா அட்டையைக் காட்டினா போதும். ஒண்ணு ரெண்டு மாசத்துல அட்டை இல்லாமலே நடக்கும், அப்போ எடுத்துடுங்க. முறை வர்றதுக்கு எட்டுப் பேரை வரிசைல நிறுத்தாதீங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்னா கடைசிப் பிள்ளை ஏழு நிமிஷம் சும்மா நிக்கணும், அஞ்சு வயசுல அது நடக்கற காரியமில்ல. ரெண்டு பேர்னா காத்திருப்பும் குறைவு, அடுத்து நம்ம முறைங்கிறது கண் முன்னாடியே தெரியும்.

பாசாங்கு விளையாட்டுக்கு இருபது நிமிஷம் கட்டாயம் ஒதுக்குங்க. கடை, ஆஸ்பத்திரி, பஸ், எதுவானாலும். தொடங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளையும் தான் யாரு, என்ன செய்யப் போறேன்னு சொல்லணும், ரெண்டு கோடு போட்டு வரையணும். நடத்துனரா இருக்கிற பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆசைப்பட்டாலும் பிடிக்கக்கூடாது. அந்த அடக்கம் அவனே விரும்பி ஏத்துக்கிறது, நாம மிரட்டி வர்றது இல்ல.

கட்டளை ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க. ஒண்ணை முடிச்சதும் அடுத்தது. பத்து நாள் கழிச்சு ரெண்டு சேர்த்துச் சொல்லிட்டு, "என்ன சொன்னேன்?"னு பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைங்க. நாள் வரிசையைப் படமா சுவர்ல ஒட்டி, முடிஞ்சதைத் திருப்பிப் போடுங்க. சத்தத்துக்கு மேல சத்தமா கத்தாதீங்க, பக்கத்துல போய்க் குனிஞ்சு சொல்லுங்க.

மிச்ச இருபது நிமிஷம் வீட்டுப்பாடம். அதுல கடைசி ரெண்டு நிமிஷம் நாளைக்கு என்னன்னு சொல்றதுக்கு.


படிப்பகம்

எல்லோருக்கும் நன்றி. பைக்குள் வைப்பது பற்றிய குறிப்பைப் படித்ததும் வரைவிலிருந்த "பொறுமை குறைவு" வரி அடிக்கப்பட்டுவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. நன்கொடையாளர் ஒருவர் பிள்ளைகளின் நினைவாற்றலைக் கூட்டும் என்று சொல்லப்படும் கைபேசிச் செயலியை வாங்கித்தர முன்வருகிறார், பலனுக்கு மதிப்பெண்ணும் கேட்கிறார். அடுத்தது, நாலைந்து பிள்ளைகள் மட்டும் இவை எதற்கும் அசைய மாட்டார்கள் என்று தோன்றுகிறது. கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை.


மருந்துப்பெட்டி

கடைசிக் கேள்விக்கு. "கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்றால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்குவது இந்த வயதில் சர்வ சாதாரணம். வலி இருக்காது, கேட்பது மட்டும் மங்கும், அதுவும் ஒரு வாரம் மங்கி ஒரு வாரம் தெளியும். அதனால்தான் "வேண்டுமென்றே கேட்காமல் இருக்கிறான்" என்று தோன்றுகிறது. எளிய சோதனை: பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள், ஒரு காதை அடைத்துக்கொள்ளச் சொல்லி, மூச்சை வெளியே விட்டபின் மூன்று எண்களைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த காதுக்கு வேறு எண்கள். முன்னால் நின்றால் உதட்டைப் படித்துவிடும். தடுமாறினால் காது மருத்துவரிடம் அனுப்புங்கள். பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்குக் கண் சோதனையும்.

அடுத்தது இரும்புச்சத்து. 5 முதல் 11 வயதுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்தசோகை வருவதற்கு முன்பே உடலில் இரும்பு இருப்பு தீர்ந்துவிடலாம், அதற்கு ஃபெரிட்டின் என்ற ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும், எரிச்சல்படும், கவனம் நிற்காது. குறை கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக இருந்திருந்தால் பிறகு மருந்தால் ரத்தம் சரியானாலும் கற்றலில் சில விளைவுகள் தங்கிவிடுகின்றன. அதனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், அளவு மிஞ்சினால் சிறு பிள்ளைக்கு நஞ்சு.

ஈயம்: பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உரியும் பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடங்கள், அந்த வேலைக்குப் போகிறவர் உடையில் வரும் தூசி. இரும்பு குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். இரண்டும் ஒரே வீட்டில் சேர்வதுதான் வறுமையின் கொடுமை. ஈயம் குறிவைப்பதும் முன்மூளையைத்தான், பிள்ளை துறுதுறுப்பாகவும் அடங்காமலும் தெரியும்.

தூக்கம்: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. ஒரே அறையில் ஆறு பேர் இருந்தால் விளக்கு அணைவதே பிந்தும். அந்த நாலைந்து பேரிடம் எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு வாரம் கேட்டுக் குறித்துவையுங்கள். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மாலையில் பதினைந்து நிமிடம் படுக்க ஒரு பாய் விரித்துவைப்பது எந்தப் பயிற்சியைவிடவும் அவசரம்.


கணக்குப்பலகை

செயலி வேண்டாம். நினைவுப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி 2013-ல் மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்தது இது: பயிற்சி கொடுத்த விளையாட்டில் பிள்ளை தேறுகிறது, அதை ஒத்த சோதனையிலும் கொஞ்ச காலம் தேறுகிறது, வாசிப்புக்கோ கணக்குக்கோ அது போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தைத் தின்பண்டத்துக்கும் காது சோதனைக்கும் கேளுங்கள்.

மதிப்பெண் கேட்டால் தலை, கால்விரல் விளையாட்டுக்கு ஆய்வாளர்கள் தரும் முறை உண்டு: 30 கட்டளை, முதலிலேயே சரி என்றால் 2, தவறாகத் தொடங்கித் தானே திருத்தினால் 1, தவறு என்றால் 0, மொத்தம் 60. ஆனால் தினமும் விளையாடும் ஒன்றையே அளவுகோலாக்கினால் விளையாட்டுப் பழகியதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாறுவோம். பெயர் போட்டு எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் வெளியே தராதீர்கள். வருகை, வாய் அட்டை மாறும்போது பெரியவர் எத்தனை முறை குறுக்கிட்டார், மாத இறுதியில் எத்தனை வாக்கு நிறைவேறியது, இம்மூன்றையும் குழுவுக்கு ஒரு எண்ணாகக் கொடுக்கலாம். கடைசி எண் பெரியவர்களை அளக்கிறது, நன்கொடையாளர் அதைப் பார்ப்பதும் நல்லதுதான்.

எது நீண்டகாலம் நிற்கிறது? ஜமைக்காவில் 1986-87-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், 9 முதல் 24 மாத வயது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய், வீட்டுப் பொருட்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாயோடு சேர்ந்து செய்துகாட்டினார், இரண்டு வருடம். 20 வருடம் கழித்து அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், விடாமல்.

காசு மட்டும் கொடுத்தால்? அமெரிக்காவில் 1,000 ஏழைத் தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மாதம் 333 டாலர், மறுபகுதிக்கு 20 டாலர் என்று குழந்தை பிறந்ததிலிருந்து கொடுத்து வந்தார்கள். ஒரு வயதில் மூளை அலைகளில் சாதகமான வித்தியாசம் தெரிந்ததாக 2022-ல் செய்தி வந்தது. நான்கு வயதில் மொழியிலும் சுயகட்டுப்பாட்டுத் திறன்களிலும் குழுக்களுக்கிடையே தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. காசு வீண் என்று நான் இதைப் படிக்க மாட்டேன். சோறும் வாடகையும் தம்மளவிலேயே தேவை, அதற்கு மூளைப் படத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கதவை மட்டும் திறந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காத்திருப்பு எழுதியதில் ஒரு இடத்தை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். சுயகட்டுப்பாடே முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தின் டனிடனில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்தார்கள். 3 முதல் 11 வயது வரை பெற்றோர், ஆசிரியர், பார்வையாளர் எனப் பலர் கொடுத்த மதிப்பீடு, ஒரு நாள் இனிப்புச் சோதனை அல்ல. 32 வயதில் உடல்நலம், கடன், குற்ற வழக்கு எல்லாவற்றிலும் அதன் தடம் இருந்தது, அறிவுத்திறனையும் குடும்ப நிலையையும் ஒதுக்கிப் பார்த்தபிறகும். வளரும்போது கட்டுப்பாடு கூடிய பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தார்கள். ஆகவே வளர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் விலை உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியான முடிவு மனதை உலுக்குவது. வறுமையிலிருந்து வந்தவர்களில் சுயகட்டுப்பாடு அதிகமுள்ளவர்கள் நடத்தையில் நன்றாக வந்தார்கள், மனச்சோர்வும் குறைவு. ஆனால் அவர்களுடைய செல்கள் வயதுக்கு மீறி முதிர்ந்திருந்தன. வசதியான பின்னணியில் சுயகட்டுப்பாட்டுக்கு அந்த விலை இல்லை. எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டுபவர் ஊர் போய்ச் சேரலாம், நெஞ்சு வாங்கிய அடி வெளியே தெரியாது. எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "பிரச்சினை இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். நாலைந்து அசையாத பிள்ளைகளைக் கவனிக்கும் அதே நோட்டில் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பெயரையும் எழுதுங்கள்.


படிப்பகம்

செயலி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கிசுகிசுச் சோதனை திங்கள்கிழமை. கையேட்டில் அந்த வரிக்குப் பதிலாக இப்போது இருப்பது:

"சொன்ன சொல்லைத் தாளில் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள். தின்பண்டம் முதலில், எப்போதும் மிச்சம் இருக்கும்படி. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. யாரையும் அவுட் ஆக்க வேண்டாம். பிள்ளை கேட்கவில்லை என்றால் காதைப் பாருங்கள், எப்போது தூங்கியது என்று கேளுங்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையிடமும் போய் உட்காருங்கள்."


கரும்பலகை

நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு சேருங்க: மிச்சத் தின்பண்டத்தை வகுப்பு முடிஞ்சதும் என்ன செய்யறதுன்னு எழுதலை. அதை எடுத்துப் பூட்டி வச்சா பைக்குள்ள ஒளிக்கிறது நிக்காது. கதவுப் பக்கத்துல ஒரு டப்பால வைங்க, வீட்டுக்கு வேணும்கிற பிள்ளை கேட்காமலே ஒண்ணு எடுத்துக்கலாம்னு முதல் நாளே சொல்லிடுங்க. தினமும் எடுக்கிற பிள்ளை யாருன்னு பெரியவங்க கவனிச்சா போதும், கேட்க வேண்டாம்.